சாயங்காலம் இல்லாத கோவில்

மங்களா சாயங்காலத்தைப் பார்த்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

அவள் கணவர் அறிவாழியிடம் இதைச் சொன்னவள் ஃபிலோமினா. 'அகவலம்' நிறுவனத்தில் டெக்னீஷியன். திருச்சி தில்லைநகரில் அந்த நிறுவனத்தின் கேன்டீனில் உட்கார்ந்து, காபியை ஆறவிட்டு, கண்ணாடிக் கதவை ஒரு கண்ணால் பார்த்தபடி சொன்னாள்.

"சாயங்காலம் இல்லன்னா? எனக்குப் புரியலம்மா."

"உள்ள எப்பவும் காலை பத்து மணி வெளிச்சம்தான் சார். அவங்க குரூப்பைக் கூட்டிட்டுக் கோவிலைச் சுத்திக் காட்டுவாங்க. முடிஞ்சதும் நாங்க மறுபடி வாசலுக்குக் கொண்டுபோய் நிறுத்திடுவோம். அடுத்த குரூப். அது முடிஞ்சா அடுத்தது. வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போற நேரம் கஸ்டமருக்குத் தேவையில்ல பாருங்க. அதனால அதை வரவிடறதே இல்ல."

அறிவாழி தன் எதிரே இருந்த காபியைத் தொடவில்லை. மின்வாரியத்தில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். ஷிப்ட் முடியாமல் ஒரு ஆளைக் கம்பத்தில் நிறுத்திவைப்பது என்னவென்று அவருக்குத் தெரியும்.

திருமணற்கரைக் கோவில் இன்று இல்லை. ஓர் ஐப்பசி மழையில் கொள்ளிடம் தடம் மாறி வந்து அதைக் கலசம் வரை மணலுக்குள் இழுத்துக்கொண்டது. சோழர் காலத்துக் கல், நாயக்கர் காலத்துக் கூரை ஓவியம் எல்லாம் போயிற்று. படங்கள் மிஞ்சின, வீடியோக்கள் மிஞ்சின. ஆனால் படத்துக்குள் யாரும் நடக்க முடியாது. நடக்க வேண்டுமானால், அங்கே நடந்து பழகிய ஒருவரின் நினைவுக்குள்தான் நடக்க வேண்டும்.

அகவலம் அதைத்தான் செய்துகாட்டியது. ஒருவர் படுத்துக்கொண்டு நினைப்பார். பக்கத்து அறையில் தலையில் கவசம் மாட்டிப் படுத்திருப்பவர்கள் அந்த நினைவுக்குள் இறங்கி நடப்பார்கள். நினைவைப் பிரதி எடுத்து வைக்கவும் முயன்றார்கள். பிரதி, பாடம் செய்த மான் தலைபோல இருந்தது. கண் இருந்தது, பார்வை இல்லை. ஆகவே உயிருள்ள ஆளே தேவைப்பட்டார். அவர்களுக்கு 'ஊற்று' என்று பெயர் வைத்தார்கள்.

மங்களா அந்தக் கோவிலில் அரசாங்க உரிமம் பெற்ற வழிகாட்டி. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அதுதான் வேலை. அதன் ஒவ்வொரு தூணையும் அவளளவுக்கு மனதில் வைத்திருந்தவர்கள் யாரும் இல்லை. நிறுவனம் தேடி வந்தபோது அவள் சந்தோஷமாகவே ஒப்புக்கொண்டாள். போனது போனதாகவே இருக்கட்டுமே என்று அறிவாழி சொன்னதற்கு அவருடன் இரண்டு நாள் பேசவில்லை.

முதலில் காலையில் போய்ச் சாயங்காலம் வந்தாள். பிறகு, எழுப்பினால் எழுந்திருக்க நேரமானது. வீட்டுக்கு வந்தும் வாசல் நிலையில் குனிந்து நுழைந்தாள். கோவில் நிலைதான் தாழ்வு, வீட்டு நிலை இல்லை. ஒரு நாள் எழுந்திருக்கவே இல்லை. திடீரென்று எழுப்பினால் ஆபத்து என்றார் நிறுவனத்தின் டாக்டர். மேனேஜர் ரகுநந்தன் அறிவாழியை அழைத்துப்போய், அசையும் அவள் உதடுகளைக் காட்டி, "பாருங்க சார், எவ்வளவு சந்தோஷமா இருக்காங்க" என்றார். எழுப்பவே முடியாத நிலையிலும் டிக்கெட் மட்டும் விற்றுக்கொண்டிருந்தது.

"அவ எழுந்திருக்க என்னதாம்மா வழி?" என்று கேட்டார் அறிவாழி.

"வெளியிலேர்ந்து வழி கிடையாது. உள்ள அவங்களுக்கே வேலை முடிஞ்சிடுச்சின்னு தோணணும். தோணினா தன்னால எழுந்துருவாங்க. அப்படித் தோணாமப் பாத்துக்கறதுதான் என் வேலை." ஃபிலோமினா தலையைக் குனிந்துகொண்டாள். "வியாழக்கிழமை குரூப்ல ஒருத்தர் வரல. அந்த இடத்துல உங்களைப் போட்டுர்றேன். சொந்தக்காரங்களை விடக் கூடாதுன்னு ரூல். என் வேலை போயிரும், பரவால்ல. ஆனா ஒண்ணு. நான்தான் உன் புருஷன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

"ஏன்?"

"ஹைதராபாத் கிளையில ஒரு பையன் உள்ள போய் அம்மான்னு கூப்பிட்டுட்டான். அந்தம்மா குழம்பிப்போய் அப்படியே நின்னுட்டாங்க. அதோட சரி. இப்ப அவங்களுக்குள்ள கோவிலும் இல்ல, பையனும் இல்ல."

"என் முகத்தைப் பாத்தா அவளுக்கே தெரிஞ்சிடுமே."

"தெரியாது சார். கோவிலுக்குள்ள நீங்க எப்பவாவது போயிருக்கீங்களா?"

போனதில்லை. அதுதான் விஷயம்.

அறிவாழி கறுப்புச் சட்டைக் குடும்பத்தில் பிறந்தவர். அவர் பெயரே அதைச் சொல்லும். மங்களாவோ அம்மன் பெயரைச் சுமந்தவள். புரோகிதர் இல்லாமல், தலைவர் ஒருவர் மாலை எடுத்துக் கொடுக்க நடந்த திருமணம். அவள் அதற்கு ஒப்புக்கொண்டாள். பதிலுக்கு அவர், அவள் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று ஒப்புக்கொண்டார். காலையில் ஸ்கூட்டரில் கொண்டுவந்து விடுவார். ராஜகோபுரத்தின் கீழே நிற்கக்கூட மனம் ஒப்பாமல், வடக்கு மதிலில் இருந்த சின்னத் திட்டிவாசலுக்கு எதிரே, டீக்கடை ஓரம் வண்டியை நிறுத்துவார். சாயங்காலம் அதே இடத்துக்கு வந்து இரண்டு தடவை ஹாரன் அடிப்பார். அவள் கூடையுடன் வெளியே வருவாள். அந்த வாசற்படியை அவர் தாண்டியதே இல்லை.

"அப்ப அந்த இடத்துல உங்க முகம் யாரோ ஒரு டூரிஸ்ட் முகம்தான்" என்றாள் ஃபிலோமினா. "என் புருஷன் கோவிலுக்குள்ள வர மாட்டார்னு அவங்களுக்கு அவ்வளவு நிச்சயம்."

வியாழக்கிழமை கவசம் மாட்டிக் கண்ணை மூடியவர், காலடியில் குளிர்ந்த கல்லை உணர்ந்து கண் திறந்தார்.

முன்மண்டபம். வௌவால் வாடையும் எண்ணெய் வாடையும் கலந்த காற்று. பின்னால் கிழக்கு வாசலின் பெரிய கதவு சாத்தியிருந்தது. கூட இருந்தவர்கள் ஐந்து பேர். அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு தம்பதியும் அவர்களுடைய மகளும், பேசாமலே இருந்த ஒரு கல்லூரி ஆசிரியரும், தேவகோட்டையிலிருந்து வந்த சிகப்பி ஆச்சியும். ஆச்சிக்கு இது நாலாவது தடவையாம். வந்ததுமே அதைச் சொல்லிவிட்டார்.

"வணக்கம். வாங்க வாங்க. வெயில் ஏறறதுக்குள்ள பாத்துடலாம்."

மங்களா தூணின் மறைவிலிருந்து வந்தாள். முடி இன்னும் நரைக்காத மங்களா. அரக்குப் புடவை, கழுத்தில் அடையாள அட்டை. அறிவாழியின் முகத்தைப் பார்த்து, மற்றவர்களுக்குச் சிரித்த அதே சிரிப்பைச் சிரித்துவிட்டுத் திரும்பினாள். அகவலத்தின் கட்டிலில் அவளைப் பார்த்தபோதுகூட அவருக்கு அப்படி வலித்ததில்லை.

அவள் நன்றாகப் பேசினாள். மனைவி தொழிலில் கெட்டிக்காரி என்று பலர் சொல்லிக் கேட்டிருந்தார். நேரில் கேட்பது இதுவே முதல் தடவை. யாளியின் வாய்க்குள் உருளும் கல்பந்தை அமெரிக்கப் பெண்ணின் விரலைப் பிடித்து உருட்டவைத்தாள். உருட்ட முடிகிறது, எடுக்க முடியாது, செதுக்கினவன் அதைப் பல்லுக்குள்ளேயே பிறக்க வைத்துவிட்டான் என்றாள். அறிவாழி அந்தப் பந்தை மற்றவர்களைவிட அதிக நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு கூரை ஓவியம். விளக்குப் புகை படிந்து பாதி கறுத்த கூரையில், பெண்களாலேயே ஆன ஒரு யானை. ஒருத்தியின் வளைந்த முதுகு மத்தகம், ஒருத்தியின் நீட்டிய கை துதிக்கை, நின்றவர்கள் கால்கள். மேலே அம்பாரியில் மன்மதன்.

"மொத்தம் ஒன்பது பேர். எண்ணுங்க பாப்போம்" என்றாள்.

எல்லோரும் எண்ணினார்கள். எட்டுதான் வந்தது. ஆச்சிக்கு நாலாவது தடவையும் எட்டுதான் வந்தது. ஒன்பதாவது ஆள் எங்கே என்று கேட்டதற்கு மங்களா விரலை ஆட்டினாள். "அதை வாசல்ல வெச்சுத்தான் சொல்வேன். இப்பவே சொல்லிட்டா பாதிப் பேரு பாதியிலயே கழண்டுக்குவாங்க."

"போன தடவையும் இதேதான் சொன்னா" என்று ஆச்சி முணுமுணுத்தார். "வாசலும் வரல, பதிலும் வரல."

குழு தெற்குப் பிராகாரத்தில் திரும்பியது. மங்களா எப்போதும் முன்னால் நடந்தாள். அறிவாழிக்கு அவள் முதுகுதான் தெரிந்தது. முகத்துக்கு நேராக ஒரு நிமிஷம் நின்றால் போதும், முப்பது வருஷம் வாழ்ந்தவளுக்கு ஏதாவது தட்டுப்படாதா என்று அவருக்குத் தோன்றியது. எதிர்ப்பக்கமாகச் சுற்றிப் போனால் அவளை எதிரில் சந்திக்கலாம். எளிய கணக்கு. அவர் வடக்கே திரும்பி நடக்க ஆரம்பித்தார்.

"என்னங்க, அங்கிட்டுப் போறீக?" ஆச்சியின் குரல் பின்னால் கேட்டது. "சாமியை இடப்பக்கமாச் சுத்தக் கூடாதுன்னு உங்க வீட்ல யாரும் சொல்லித்தரலையா?"

சொல்லித்தரவில்லை. அவர் நடந்தார்.

அந்தப் பக்கம் வெளிச்சம் குறைவாக இருந்தது. குழுக்கள் வந்து சேராத இடம் என்பதால் யாரும் அதைத் துடைத்து அழகாக்கி வைத்திருக்கவில்லை. உடைந்த வாகனம் ஒன்று, சுருட்டிய தென்னம்பாய், வெண்கலப் பானை. வடக்கு மதிலில் ஒரு பெரிய மரக்கதவு, அதற்குள் ஒரு சின்னக் கதவு. திட்டிவாசல். வெளியிலிருந்து அத்தனை வருஷம் பார்த்த கதவை அவர் இப்போது உள்ளிருந்து பார்த்தார்.

அதன் ஓரத்தில் நீலப் பிளாஸ்டிக் கூடை இருந்தது. அவர் கட்டிக்கொடுத்த டிபன் கேரியர், குடை, மடித்த துண்டு. தொட்டுப் பார்த்தார். கேரியர் கனமாக இருந்தது. இந்த நாள் முழுக்க அவள் இன்னும் சாப்பிடவில்லை.

கதவைத் தள்ளினார். சுவரைத் தள்ளுவதுபோல் இருந்தது. காதை வைத்தார். வெளியே டீக்கடை இரைச்சல் இல்லை, தெரு இல்லை, ஒன்றுமே இல்லை. மரத்துக்குப் பின்னால் உலகம் இல்லாத கதவு அது.

மேற்குப் பிராகாரத்தில் குழுவை எதிர்கொண்டார். மங்களா நின்று அவரை நேராகப் பார்த்தாள். ஒரு நிமிஷம் முழுதாகவே பார்த்தாள்.

"சார், குரூப்போட வாங்க. இப்படி எதிர்ல வரக் கூடாது" என்றாள் அன்பாக. பிறகு சுவரில் இருந்த லிங்கோத்பவரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள்.

மீதி வழியெல்லாம் அவர் குழுவோடு நடந்தார். பிரம்மா, துர்க்கை, கடைசியாக வடக்கே சண்டிகேசுவரரின் சின்னச் சன்னதி. எதிரே தூண் வரிசைக்கு அப்பால் திட்டிவாசல். எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று அப்போதுதான் கவனித்தார். அவளுடைய நாள் இன்னும் கொஞ்சம் நகர்ந்தால் அந்த வாசலுக்குப் போய்விடும்.

"இங்க பூஜை, வேண்டுதல் ஒண்ணும் கிடையாது" என்றாள் மங்களா. "இவர்தான் சிவன் சொத்துக்குக் காவல். ரெண்டு கையையும் லேசாத் துடைச்சு, விரிச்சுக் காட்டிட்டுப் போங்க. இந்தக் கோவில்லேர்ந்து நான் எதையும் எடுத்துட்டுப் போகலன்னு அர்த்தம். சத்தமாத் தட்டாதீங்க, தியானத்துல இருக்கார்."

ஃபிலோமினா முன்பே சொல்லியிருந்தாள். வெளியேறும் வழி இந்தச் சைகைதான். யாரோ ஒரு கெட்டிக்கார டிசைனர் கோவில் வழக்கத்தையே பொத்தானாக மாற்றியிருந்தான். கை விரித்தவர் அந்த நிமிஷமே மறைந்து, தில்லைநகரில் கண் விழிப்பார். கடைசி ஆள் கை விரித்ததும் மங்களா மறுபடி முன்மண்டபத்தில், காலை வெளிச்சத்தில், "வணக்கம், வாங்க வாங்க" என்று நிற்பாள்.

அமெரிக்கக் குடும்பம் கை விரித்து மறைந்தது. ஆசிரியர் மறைந்தார். ஆச்சி அறிவாழியைத் திரும்பிப் பார்த்து, "வழி தப்பிப் போனீகளே, நல்லாக் கையைக் காட்டிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு மறைந்தார்.

அறிவாழி கைகளை விரிக்கப்போனார். வழக்கம் என்று ஒருவர் சொன்னதும் உடனே செய்வது அவர் உடம்புக்குப் பழக்கமில்லாதது. அந்த ஒரு கணத் தயக்கத்தில்தான் அது அவருக்குப் புரிந்தது.

கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

மங்களா காத்திருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. அவள் அதே இடத்தில் நின்றாள். சன்னதி அதே இடத்தில் இருந்தது. தூணின் நிழல் மட்டும், வண்டி கிளம்பினாற்போல், மெல்ல நகர ஆரம்பித்தது.

"கை காட்டலியா சார்?"

"பழக்கமில்லம்மா."

அவள் சிரித்தாள். இது தொழில் சிரிப்பு இல்லை. "எங்க வீட்டுக்காரர் மாதிரியே சொல்றீங்க."

அப்போது மூலையில் இருந்த கூம்பு ஒலிபெருக்கி கரகரத்தது. அங்கே அப்படி ஒரு ஒலிபெருக்கி இருந்ததா என்று அறிவாழிக்குத் தெரியவில்லை. ரகுநந்தனின் குரல் வந்தது. வாடிக்கையாளர் உடனே கை காட்டி வெளியேறும்படி மரியாதையாகக் கேட்டுக்கொண்டது. அடுத்து, ஊற்று விழித்துக்கொண்டால் உள்ளே இருப்பவருக்கு நிறுவனம் பொறுப்பல்ல என்றது. மரியாதை குறைந்திருந்தது.

"யாரோ குழந்தையைத் தொலைச்சிட்டாங்க போலிருக்கு" என்றாள் மங்களா.

அவள் தூணடியில் உட்கார்ந்தாள். அவர் எதிரே உட்கார்ந்தார். வெளிச்சம் மஞ்சளாக ஆரம்பித்தது. அவள் அதை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"இன்னிக்கு நாள் நீண்டுக்கிட்டே போச்சு சார். எத்தனை குரூப்புன்னே தெரியல. கால் வலிக்கல, பசிக்கல. அதுதான் பயமா இருந்துச்சு. யார்கிட்ட சொல்றது?" தாழ்ந்த குரலில் சொன்னாள். "கூடைகிட்டப் போகலாம்னு நினைப்பேன். பாத்தா வாசல்ல நின்னுக்கிட்டிருப்பேன்."

பெயரைச் சொல்லி அழைத்தால் எல்லாம் கெட்டுவிடும். அறிவாழி யாரோ ஒருவராகவே கேட்டார்: "வீட்டுக்கு எப்படிம்மா போவீங்க?"

"அவர் வருவார். ஹாரன் அடிப்பார்."

"உள்ள வர மாட்டாரா?"

"அவரா? சாமியே வெளியில வந்து கையைப் பிடிச்சு இழுத்தாலும் வர மாட்டார்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். "ஆனா ஒரு நாள் வரணும்னு எனக்கு ஆசை. கும்பிட இல்ல. அந்த யாளி வாயில பந்து இருக்கே, அதைக் காட்டணும். எப்படிச் செஞ்சிருப்பான்னு ராத்திரியெல்லாம் யோசிப்பார். மெஷின் மூளை அவருக்கு."

அறிவாழி கூரையைப் பார்த்தார். அந்த ஒன்பதாவது பெண்ணைப் பற்றிக் கேட்டார். வாசலில் சொல்கிறேன் என்றாள் மறுபடி. பழக்கம் விடவில்லை.

கிளிகள் கோபுரத்துக்குத் திரும்பும் சத்தம் கேட்டது. திட்டிவாசலின் இடுக்கில் ஒரு கோடு வெளிச்சம் தெரிந்தது. கதவுக்குப் பின்னால் மெல்ல ஒரு தெரு முளைத்துக்கொண்டிருந்தது. டீக்கடை பாய்லர், சைக்கிள் மணி, யாரோ காறித் துப்பும் சத்தம்கூட.

ஹாரன் மட்டும் வரவில்லை.

அறிவாழிக்கு இப்போதுதான் உண்மையில் பயம் வந்தது. எல்லாச் சாயங்காலமும் அவர் நேரத்துக்கு வந்ததில்லை. யூனியன் கூட்டம் என்று தாமதித்த நாட்கள் உண்டு. வராமலே போன நாளும் ஒன்று உண்டு. கொட்டும் மழையில் அவள் நடந்து வந்து சேர்ந்தாள். அவர் மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை, கொள்கைக் கூட்டம் என்றார். அவள் மனம் அந்த நாளை எடுத்துவைத்துக்கொண்டிருந்தால்?

மங்களா எழுந்து கூடையைக் கையில் மாட்டிக்கொண்டு கதவருகே போய் நின்றாள். ஒலிபெருக்கி இப்போது கெஞ்சியது.

தூரத்தில் ஒரு ஸ்கூட்டர் சத்தம். சைலன்சர் ஓட்டை அவருக்கே அடையாளம் தெரிந்தது. மாற்ற வேண்டும் மாற்ற வேண்டும் என்று கடைசிவரை மாற்றாத சைலன்சர்.

ஹாரன் இரண்டு தடவை அடித்தது.

அவள் தாழ்ப்பாளை எடுத்தாள். மலையாக நின்ற கதவு அவள் கைக்கு இலேசாகத் திறந்தது. வெளியே, புழுதி வெயிலில், கறுப்புச் சட்டையில் ஒரு இளைஞன் ஸ்கூட்டரில் உட்கார்ந்திருந்தான். கக்கத்தில் பத்திரிகை. நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கிக்கரை உதைத்துக்கொண்டிருந்தான். வண்டி நின்றால் கிளம்பாதே என்ற கவலை அவனுக்கு.

படியில் குனிந்து இறங்கும்போது மங்களாவின் முகம் பக்கவாட்டில் தெரிந்தது. அந்த முகத்தை அறிவாழி அதுவரை பார்த்ததே இல்லை. எப்படிப் பார்த்திருக்க முடியும்? ஒவ்வொரு சாயங்காலமும் அவர் கிக்கரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கதவு சாத்திக்கொண்டது.

உடனே கிளிச் சத்தம் நின்றது. பிராகாரத்தின் மறுகோடி ஏற்கெனவே இல்லை. இருட்டாகவும் இல்லை, வெளிச்சமாகவும் இல்லை, எழுதாத தாள்போல் இருந்தது. தூண்கள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. நினைப்பவள் இல்லாத கோவிலில் அவர் தனியாக நின்றார்.

கத்தினால் கேட்க யாரும் இல்லை. ஒரே ஒரு வழிதான் இருந்தது. சண்டிகேசுவரரின் முன்னால் ஓடிப்போய் நின்றார். வாழ்நாளில் எந்தச் சிலை முன்னும் அசையாத கைகள் அசைந்தன. ஒன்றால் ஒன்றைத் துடைத்தார். விரித்துக் காட்டினார்.

கண் விழித்தபோது ரகுநந்தன் தலைமாட்டில் நின்று கத்திக்கொண்டிருந்தார். ஃபிலோமினா சுவரோரம் நின்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த அறையைக் காட்டினாள்.

மங்களா கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். முடி நரைத்து, கன்னம் வற்றி, கால்கள் குச்சியாகி. அவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"நீங்க அந்தக் கை காட்டாத சார்தானே?" என்றாள். "கீழ எங்க வீட்டுக்காரர் நிக்கறாரா, கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா?"

அறிவாழி மாடிப்படி இறங்கினார். நிறுத்துமிடத்திலிருந்து வண்டியை எடுத்துக் கட்டடத்தின் வாசலுக்குக் கொண்டுவந்தார். இப்போது இருப்பது சத்தமில்லாத மின்சார வண்டி. ஹாரனை இரண்டு தடவை அடித்தார்.

ஃபிலோமினாவின் தோளைப் பிடித்துக்கொண்டு மங்களா மெல்ல வெளியே வந்தாள். அவர் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார்.

"ஏங்க, ஏன் இவ்வளவு நேரம்?" என்றாள்.

கோவில் அவளிடமிருந்து போய்விட்டது. அகவலம் அவளைப் பலவிதமாகச் சோதித்துப் பார்த்தது. தூண், ஓவியம், யாளி எதைச் சொன்னாலும், அப்படியா, எங்கே இருக்கிறது என்று கேட்டாள். வீடு நினைவிருந்தது, அவர் நினைவிருந்தார், கோவில் என்ற இடத்தில் சுண்ணாம்பு அடித்த சுவர் இருந்தது. பயன்படாத ஊற்று என்று எழுதி அவளை விடுவித்தார்கள். ஃபிலோமினாவுக்கு வேலை போயிற்று. ஒரு வாரப் பத்திரிகை, திருமணற்கரைக் கோவிலை இரண்டாம் தடவை மூழ்கடித்தவர் என்று அறிவாழியின் படத்தைப் போட்டது. கோவில்கள் தேவையில்லை என்று மேடையில் பேசியவர் அவர். அந்தத் தலைப்பைப் பார்த்துப் பெருமைப்பட்டிருக்க வேண்டும். இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

சிகப்பி ஆச்சி மட்டும் எப்படியோ எண் கண்டுபிடித்துப் பேசினார். எனக்கு இனிமே அந்தத் தரிசனம் இல்லை, உங்களாலதான் என்று திட்டினார். வைப்பதற்கு முன்னால், "அந்தப் பிள்ளை நல்லாச் சாப்பிடுதா?" என்று கேட்டார்.

பிறகு ரகுநந்தன் பேசினார். குரலில் தேன். நிறுவனம் பழையதை மறந்துவிட்டதாம். யோசித்துப் பார்த்ததில், அந்தக் கோவிலை இரண்டு பக்கமாகவும் நடந்து பார்த்த ஒரே ஆள் அறிவாழிதானாம். வடக்கு மூலைகூட அவருக்குத் தெரியுமாம். கவசம் மாட்டி ஒரு மணி நேரம் படுத்தால் போதுமாம், சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடலாமாம்.

அறிவாழி கொல்லையில் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவியைப் பார்த்தார்.

"நான் கையைத் துடைச்சு விரிச்சுக் காட்டிட்டுத்தான் வெளியில வந்தேன். உங்க கம்ப்யூட்டர்லயே பதிவாகியிருக்கும்" என்றார். "அங்கிருந்து எதையும் எடுத்துட்டு வரல."

வாழ்க்கையில் அவர் சொன்ன பெரிய பொய் அது.

சாயங்காலமானால் மங்களாவுக்கு இருப்புக்கொள்ளாது. கூடையை எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நிற்பாள். வேலை முடிந்துவிட்டது என்று யாராவது அவளுக்குச் சொல்ல வேண்டும். அதனால் அறிவாழி முன்னதாகவே வண்டியை எடுத்துக்கொண்டு தெருமுனைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து ஹாரன் அடிப்பார். அவள் ஏறிக்கொள்வாள். பேட்டையை ஒரு சுற்றுச் சுற்றி வீட்டுக்கு வருவார்கள். ஒருவழிப் பாதை என்பதால் வீட்டை வலப்பக்கம் வைத்துத்தான் சுற்ற முடியும். எதிர்வீட்டுக்காரர், தோழர் வலம் வர ஆரம்பித்துவிட்டாரே என்று கிண்டல் செய்தார்.

சுற்றும்போது அவளுக்குக் கதை சொல்வார். ஒரு ஊரில் ஒரு கோவில் இருந்தது என்று ஆரம்பிப்பார். யாளி வாயில் பந்து, அதை எப்படிச் செதுக்கியிருப்பான் என்று தனக்குத் தோன்றியது எல்லாம். அவள் தோளில் கன்னத்தை வைத்துக் கேட்டுக்கொண்டு வருவாள், யாருடைய கதையோ என்பதுபோல.

ஒரு நாள் கூரை ஓவியத்தைச் சொன்னார். பெண்களாலேயே ஆன யானை. துதிக்கை, மத்தகம், கால்கள், மேலே மன்மதன்.

"மொத்தம் எட்டுப் பேர்" என்றார்.

"ஒன்பது" என்றாள் மங்களா.

வண்டி தடுமாறியது. அவர் காலை ஊன்றி நிறுத்தினார். தெருவிளக்குகள் ஒவ்வொன்றாக எரிய ஆரம்பித்திருந்தன. அவர் திரும்பாமலே கேட்டார், ஒன்பதாவது ஆள் எங்கே என்று.

"பின்னாடி ஒளிஞ்சிருக்கா. வால்னு நினைக்கறீங்களே, அது அவளோட பின்னல்." சொல்லிவிட்டு, அதை எப்படிச் சொன்னோம் என்று தனக்கே விளங்காமல் கையிலிருந்த கூடையைப் பார்த்தாள்.

அறிவாழி தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். பெட்டிக்கடைக்காரர் பூச்சரம் கட்டிக்கொண்டிருந்தார். வேறு யாரும் இல்லை.

"இதை யார்கிட்டயும் சொல்லிடாதே" என்றார் மெதுவாக.